விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்?

(ராஞ்சியில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பஞ்சப்படியைப் பற்றிப் பேச வரவில்லை. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவதைப் பற்றியும் பேச வரவில்லை. அவை அடுத்த கூட்டத்துக்கு இருக்கவே இருக்கின்றன. இன்றைக்குப் பொருள் வேறு.

அடுத்த மாதம் ஒரு நாள், குந்தி, கும்லா, லோஹர்தகா, சிம்டேகா மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஏறத்தாழ நூறு உயர்நிலைப்பள்ளி மாணவ மாணவியர் இந்த ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தைப் பார்க்க வருகிறார்கள். அத்தனை பேரும் ஆதிவாசிப் பிள்ளைகள். அதே கிராமங்களிலிருந்து முன்னரே வந்து இங்கே பட்டப் படிப்பு படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்தாம் இதை ஏற்பாடு செய்கிறார்கள். பிள்ளைகளை ரயிலடியிலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் அழைத்து வரவும், மதியச் சாப்பாட்டுக்கும் நம் சங்கத்தின் துணையைக் கேட்டார்கள். செயற்குழு ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட மறுநாளே என்னிடம் மூன்று கேள்விகள் வந்து சேர்ந்தன. முதல் கேள்வி: "இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" இரண்டாவது: "அவர்களுக்குத்தான் எல்லாச் சலுகையும் இருக்கிறதே, நம் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?" மூன்றாவது: "நாளைக்கு நம்மை வெளியே போ என்று சொல்லப் போகிறவர்களுக்கு நாமே பந்தி விரிப்பதா?"

கேட்டவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. மனதில் வைத்துப் புழுங்குவதைவிட மேடையில் வைத்துப் பேசுவது நல்லது. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன். நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். புள்ளிவிவரம் அடுக்குகிற பேராசிரியன் அல்ல. ஆனாலும் சில கணக்குகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் கணக்கில்லாமல் பேசக்கூடாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தோழர்களே, நாம் குடியிருக்கும் இடம் யாருடையது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? ஹட்டியாவில் கனரகப் பொறியியல் தொழிற்சாலை 1958-இல் அமைக்கப்பட்டது. 1963 நவம்பர் 15-ஆம் நாள் நேரு வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம்மில் பலருடைய அப்பாக்களும் தாத்தாக்களும் அந்தக் காலத்தில்தான் டிரங்குப் பெட்டியோடு இந்த ஊரில் வந்து இறங்கினார்கள். ஆலை எழுந்த நிலம், டவுன்ஷிப் எழுந்த நிலம் எல்லாம் ஆதிவாசிக் கிராமங்களின் வயலாகவும் தோப்பாகவும் இருந்தவை. ரயில் பாதையும் அப்படித்தான், அணையும் அப்படித்தான், சுரங்கமும் அப்படித்தான். நமக்குச் சம்பளம் கொடுத்த தொழில் அவர்கள் மண்ணின்மேல் நிற்கிறது. நாம் யாருடைய நிலத்தையும் பிடுங்கியவர்கள் அல்ல, கூலிக்கு வந்தவர்கள். உண்மைதான். ஆனால் பிடுங்கிய நிலத்தில் நமக்கு வீடு கிடைத்தது, நிலத்துக்காரனுக்கு அந்த ஆலை வாசலில் தினக்கூலி கிடைத்தது என்பதும் உண்மைதான். இது முதல் சம்பந்தம்.

இரண்டாவது சம்பந்தம் என் வேலையிடத்தில் நான் தினமும் பார்ப்பது. தன்பாத்திலிருந்து ராஞ்சி வழியாக ஆலப்புழைக்குப் போகும் எக்ஸ்பிரஸ் நம் எல்லோருக்கும் தெரிந்த வண்டி. பொங்கலுக்கு ஊர் போவதென்றால் நாம் இடம் பிடிக்க அடித்துக்கொள்வது அதில்தான். அதே வண்டியின் பொதுப் பெட்டியில் யார் போகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். முண்டா பையன், உராவோன் பையன், காடியா பையன். ஈரோட்டுக்கு, திருப்பூருக்கு, கோயம்புத்தூருக்கு டிக்கெட் கேட்கிறான். வயது பதினெட்டு என்கிறான். முகத்தில் இன்னும் மீசை அரும்பவில்லை. பத்தாவது படித்தாயா என்றால் தலையைக் குனிந்துகொள்கிறான். பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று டில்லிக்கு அழைத்துப் போக ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நம் அப்பா பிழைப்புக்கு வடக்கே வந்தார். அவர்கள் பிள்ளை பிழைப்புக்குத் தெற்கே போகிறான். ஒரே தண்டவாளம்தான், நாம் வந்த திசைக்கு எதிரே அவன் போகிறான்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்களே, நினைவிருக்கிறதா? பீகார் அரசு ஒரு குழுவையே தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அந்த வாரம் இங்கே நம் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகத் தயங்கினார்கள். அங்கே அவர்கள் பிள்ளை பத்திரமாக இருந்தால்தான் இங்கே நம் பிள்ளை நிம்மதியாக இருக்கும் என்பதை அந்த ஒரு வாரம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது.

மூன்றாவது சம்பந்தம் மொழி. வருகிற பிள்ளைகளில் பலர் உராவோன் இனத்தவர். அவர்கள் பேசுவது குடுக் மொழி. 2011 மக்கள் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். அது இந்திக்குச் சொந்தமல்ல. நம் தமிழுக்குச் சொந்தமான திராவிட மொழி. பல்லை அவர்களும் 'பல்' என்கிறார்கள். கண்ணைச் சொல்லும்போது முதல் எழுத்தைத் தொண்டையில் கொஞ்சம் உரசுகிறார்கள். மற்றபடி அதே கண்தான். 'நீ' என்பதற்கு 'நீன்'. இன்னொன்று கேளுங்கள். தமிழில் 'நாம்' என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது. 'நாங்கள்' என்றால் கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்வது. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். குடுக் மொழியில் கேட்பவரைச் சேர்த்தால் 'நாம்', விட்டுவிட்டால் 'ஏம்'. சங்கம் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல இலக்கணப் பாடம் கிடைக்காது.

ஆனால் சொந்தம் இருந்தால்தான் வரவேற்போம் என்பது நம் கொள்கையாக இருக்கக் கூடாது. முண்டாரி, ஹோ, சந்தாலி மொழிகள் வேறு குடும்பம். அந்தப் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். எல்லோரும் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இந்தி, பல்கலைக்கழகம் வந்தால் ஆங்கிலம் என்று மூன்று ஆற்றை நீந்திக் கடக்கிறவர்கள். நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் அ, ஆ எழுதிப் பழகுகிறார்களே, அந்தக் கஷ்டம் தெரிந்த நமக்கு இந்தக் கஷ்டம் புரியாதா?

சலுகை என்ற பேச்சு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "அவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது." இருக்கிறது. ஜார்க்கண்ட் மக்கள் தொகையில் ஆதிவாசிகள் 26 சதவீதம். மாநில அரசு வேலையிலும் அவர்களுக்கு 26 சதவீத ஒதுக்கீடு. ஒதுக்கிய இடம் வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

2011 கணக்கெடுப்பில் இந்திய மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 73 பேர். பழங்குடியினரில் 59 பேர். உயர்கல்விக்கு வாருங்கள். 2021–22-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்கின்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கல்லூரியில் சேர்ந்திருப்போர் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம், பழங்குடியினரில் 21.2 சதவீதம். தமிழ்நாட்டுக் கணக்கு அதே ஆண்டில் 47.

நாற்பத்தேழு என்றதும் பெருமையாக இருக்கிறதல்லவா? எனக்கும் பெருமைதான். ஆனால் அது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்து நின்றோம். பெரியார் ஊர் ஊராய்ப் போனார். 1954-இல் காமராசர் முதலமைச்சராக வந்ததும் அந்தத் திட்டம் குப்பைக்குப் போனது. பிறகு கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது, மதியச் சோறு வந்தது, விடுதி வந்தது. மாடு மேய்க்கப் போனவன் பிள்ளை புத்தகப் பையைத் தூக்கினான்.

இன்றைக்கு இந்த ஊரில் என்ன பேச்சு காதில் விழுகிறது? "ஆதிவாசிப் பையனுக்கு எதற்குப் பட்டப் படிப்பு? ஒரு ஐ.டி.ஐ. போதும், இல்லாவிட்டால் போலீசில் சேரட்டும், ஹாக்கி விளையாடட்டும்." இது குலக்கல்வியின் மறுபதிப்பு அல்லாமல் வேறென்ன? அதை நம் வாயாலேயே சொல்லலாமா? நம் தாத்தாவுக்கு எதிராகச் சொன்னதை நாம் அடுத்தவன் பேரனுக்கு எதிராகச் சொல்லலாமா?

இன்னொரு வரலாறும் நாம் மறக்கக் கூடாதது. சென்னை மாகாணத்தில் நடப்பில் இருந்த வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பின் பலனாக அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15-ஆவது பிரிவில் 4-ஆவது உட்பிரிவு சேர்ந்தது. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு மட்டுமல்ல, பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் சேர்த்தே கல்வியில் தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதப்பட்டது. குந்தியிலிருந்து வருகிற பெண் கல்லூரியில் உட்காரும் இடத்துக்குச் சட்டத்தில் கதவு திறந்ததில் சென்னைத் தெருக்களில் நடந்த கிளர்ச்சிக்கும் பங்கு உண்டு. அந்தக் கதவைப் பார்த்து இன்று ஒரு தமிழன் முகம் சுளித்தால் அது தன் தகப்பன் உழைப்பைப் பார்த்து முகம் சுளிப்பதாகும்.

"சரி, நம் பிள்ளைகளுக்கு?" என்று கேட்கிறீர்கள். நியாயமான வேதனை. ஊரில் நம்மில் பலர் பட்டியல் சாதி, பலர் பிற்படுத்தப்பட்டோர். மத்திய அரசு வேலைக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆனால் இங்கே மாநிலக் கல்லூரி இடத்துக்கு அது செல்லாது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் பிழைப்புக்குப் போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. மாநிலம் தாண்டினால் சாதி இழிவு கூடவே வருகிறது, சாதிச் சான்றிதழ் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது!

இந்த வேதனை நமக்கு மட்டும்தானா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்தே இதே சோட்டா நாக்பூரிலிருந்து முண்டா, உராவோன், சந்தால் மக்களைக் கங்காணிகள் அசாம் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். நம் மக்களை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனதுபோல. அதே வெள்ளைக்காரன், அதே கொழுந்து. இங்கே அண்ணனின் வம்சம் பட்டியல் பழங்குடியாக இருக்கிறது, அசாமுக்குப் போன தம்பியின் வம்சம் அந்த உரிமை கேட்டு நெடுங்காலமாகப் போராடி வருகிறது. இடம் பெயர்ந்தவன் உரிமை இழக்கும் கொடுமை என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இந்தக் குறையை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் வாசலுக்குப் போவோம், அவர்களையும் சேர்த்துக்கொண்டு போவோம். பஸ்ஸிலிருந்து இறங்குகிற பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கோபத்தைக் காட்டுவது கோழைத்தனம்.

நாளைக்கு நம்மை வெளியே போ என்பார்களா?

மூன்றாவது கேள்விதான் கனமானது. 2002 ஜூலையில் யார் இந்த மண்ணின் மக்கள் என்ற கொள்கையை வைத்து இந்த நகரத்தில் பந்தும் கலவரமும் நடந்ததைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அந்தக் கொள்கையை அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2022 நவம்பர் 11-ஆம் நாள், 1932-ஆம் ஆண்டு நிலப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களின் வாரிசுகளே உள்ளூர்வாசிகள் என்று சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. நம் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை. பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 'திக்கு' என்று ஒரு சொல்லை நம் காதுபடச் சொல்கிறார்கள். வெளியாள் என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்கிறோம். அப்படியானால் தலைமுறை தலைமுறையாக அவர்களோடு வாழும் குயவரையும் நெசவாளரையும் கொல்லரையும் ஏன் அப்படிச் சொல்லவில்லை? அவர்களுக்கு 'சதான்' என்று வேறு பெயர். திக்கு என்பவன் வட்டிக்குக் கொடுத்து வயலை எழுதி வாங்கியவன். ஜமீன் ரசீதோடு வந்தவன். வருகிறவனெல்லாம் திக்கு அல்ல, சுருட்டிக்கொள்ள வருகிறவன்தான் திக்கு. அந்தச் சுருட்டலை எதிர்த்துத்தான் 1899–1900-இல் பிர்சா முண்டா உல்குலான் என்னும் பெருங்கிளர்ச்சி நடத்தினார். 1900 ஜூன் 9-ஆம் நாள் இதே ராஞ்சிச் சிறையில் உயிர் விட்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு வந்ததுதான் ஆதிவாசி நிலத்தை மற்றவர் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 1908-ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம்.

இங்கே ஒன்றைக் கசப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்போது ஒரு மனை வேண்டும் என்ற ஆசை நமக்கும் உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து மலிவாக முடித்துத் தருகிறேன் என்று தரகர்கள் வருகிறார்கள். வாங்காதீர்கள். சட்டப்படி செல்லாது என்பது ஒருபுறம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் நாமும் திக்கு ஆகிவிடுகிறோம் என்பது மறுபுறம். ஒரு கையால் பிள்ளைக்குச் சோறு போட்டு, மறு கையால் அதன் அப்பன் நிலத்தை எழுதி வாங்கினால் அது வரவேற்பு அல்ல, வலை.

நாம் திக்குவா, கூடப் பிறக்காத உறவா என்பதைப் பதிவேடு முடிவு செய்யாது. நம் நடத்தை முடிவு செய்யும். இன்று பல்கலைக்கழகம் பார்க்க வருகிற பிள்ளைகள் பத்து ஆண்டுகளில் வட்டாட்சியராகவும் வக்கீலாகவும் பேராசிரியராகவும் வருவார்கள். அப்போது அவர்கள் மனதில் தமிழர் என்றால் யார் என்ற நினைவு என்னவாக இருக்க வேண்டும்? பயத்தை விரட்ட வாசலைச் சாத்துகிறவனைவிட வாசலைத் திறக்கிறவனே கெட்டிக்காரன்.

அந்த வளாகம் யாருடையது?

இன்னும் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். நாம் ஏதோ பெரிய மனதோடு அவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று நினைப்பது. அந்த வளாகம் நம்முடையதல்லவே!

ராஞ்சிப் பல்கலைக்கழகம் 1960-இல் தொடங்கியது. இந்த மண்ணின் மொழிகளுக்கு அங்கே ஒரு துறை வர இருபது ஆண்டுகள் ஆயின. 1980-களின் தொடக்கத்தில் பழங்குடி, வட்டார மொழிகள் துறை பிறந்தது. அதைக் கட்டி வளர்த்தவர் ராம் தயாள் முண்டா. தமாட் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. ராஞ்சியில் படித்து, சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். முண்டாரி, குடுக், சந்தாலி, ஹோ, காடியா என்னும் ஐந்து ஆதிவாசி மொழிகளுக்கும், நாக்புரி, பஞ்சபர்கனியா, குர்மாலி, கோர்ட்டா என்னும் நான்கு வட்டார மொழிகளுக்கும் அங்கே வகுப்பு நடந்தது. துணைவேந்தர் நாற்காலியிலும் அவர் உட்கார்ந்தார். அக்ராவில் மாணவர்களோடு முரசடித்து ஆடவும் செய்தார். 2010-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2011-இல் மறைந்தார்.

அவருக்கு முன்னே ஜெய்பால் சிங் முண்டா. குந்தி பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ராஞ்சியில் பள்ளிப் படிப்பு முடித்து, ஆக்ஸ்போர்டு போனார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவர். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தன்னைக் காட்டுவாசி என்று சொல்லிக்கொள்வதில் தனக்குப் பெருமை என்றும், ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் கற்றுத் தர வேண்டாம், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்றும் பேசியவர். அவர் பெயரிலேயே மாநில அரசு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை வைத்து, 2021-இல் முதல் அணியாக ஆறு ஆதிவாசி மாணவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 2022 ஜூலையில் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்ற திரௌபதி முர்மு, தம் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். அவர் இந்த மாநிலத்தில் ஆளுநராக இருந்த காலத்தில் இதே பல்கலைக்கழகத்துக்கு வேந்தரும் அவர்தான்.

ஆகவே தாய்மார்களே, தோழர்களே, அந்த நாளில் வீட்டுக்காரர் அவர்கள். விருந்தாளி நாம். மண் அவர்களுடையது, மொழித்துறை அவர்களுடையது. வழி தெரியாமல் வாசலில் நிற்கும் வீட்டுக்காரப் பிள்ளைக்கு விருந்தாளி கைகொடுப்பது போலத்தான் நம் வேலை.

கதவு திறந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த ஒரு ஆதிவாசிப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்து, வழக்கு நீதிமன்றம் ஏறியது. இடம் கிடைத்தது, விடுதி கிடைத்தது, பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் கிடைக்கவில்லை என்றால் படிப்பு எதற்கு ஆகும்? ஒரு நாள் வருகையில் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய முதல் பொருள் துணை.

அன்றைக்கு நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, அழைத்து வருதல். லோஹர்தகா பிள்ளைகள் ரயிலில் வருகிறார்கள். குந்தி நகருக்கும் கும்லா நகருக்கும் ரயில் இல்லை, பஸ்ஸில்தான் வருவார்கள். ரயிலடிக்கு ரயில்வே தோழர்கள் பொறுப்பு. பஸ் நிலையத்துக்கு ஆலைத் தோழர்கள் பொறுப்பு. பெண் பிள்ளைகள் வருவதால் இரண்டு இடத்திலும் நம் வீட்டுப் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பார்த்ததும் கைகூப்பி "ஜோஹார்" என்று சொல்லுங்கள். அது அவர்கள் வணக்கம்.

இரண்டாவது, சாப்பாடு. சோறு, சாம்பார், ஒரு பொரியல், முட்டை, அப்பளம். பந்தி ஒன்றுதான். வந்த பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பெரியவர்களும் கலந்தே உட்கார வேண்டும். தனித் தம்ளர், தனி வரிசை என்ற பேச்சு வந்தால் அந்த ஆளுக்குப் பந்தியில் இலை கிடையாது. இதைத் தலைவர் அனுமதியோடு சொல்கிறேன்.

மூன்றாவது, கேட்கக் கூடாதவை. என்ன ஜாதி என்று கேட்காதீர்கள். "நீங்கள் ஆடுவீர்களாமே, ஒரு ஆட்டம் ஆடுங்கள்" என்று சொல்லாதீர்கள். பரதநாட்டியம் ஆடிக் காட்டு என்று உங்களை யாராவது ஆலை வாசலில் நிறுத்திக் கேட்டால் எப்படி இருக்கும்? வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள். படிக்க வந்த பிள்ளையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்ன படிக்க ஆசை?

நான்காவது, காட்ட வேண்டியவை. கட்டடத்தின் உயரத்தைக் காட்டிப் பயனில்லை. விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னல் எது, நூலகத்தில் அட்டை எப்படி வாங்குவது, விடுதி எங்கே, பெண்கள் கழிப்பறை எங்கே, கேன்டீனில் ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலை. இவற்றைத்தான் காட்ட வேண்டும். மூத்த ஆதிவாசி மாணவர்கள்தாம் முன்னே நடப்பார்கள். அவர்கள் மொழியில் அவர்கள் விளக்குவார்கள். நாம் பின்னே நடப்போம்.

ஐந்தாவது, காகிதம். இது எழுத்தர்களாகிய நம் சொந்தத் தொழில். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. இந்த நான்கும் இல்லாமல் உயர்கல்வி உதவித்தொகைக்கு மனுப் போட முடியாது. ஒரு எழுத்துப் பிழை, அப்பா பெயரில் ஒரு கொம்பு கூடுதல், மனு திரும்பிவிடும். நம்மில் பத்து எழுத்தர்கள் மேசை போட்டு உட்காருவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை, எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புவோம். பூச்செண்டு வாடிவிடும், அந்தத் தாள் வேலை செய்யும்.

ஆறாவது, மேடைப் பேச்சு. என்னைப் போன்றவர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். (சிரிப்பு.) பிள்ளைகள் பேசட்டும். எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பேசட்டும்.

ஏழாவது, நம் பிள்ளைகள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, ஒன்பதாவது, பத்தாவது, பிளஸ் டூ படிக்கிறவர்கள் எல்லோரும் அன்றைக்கு வாருங்கள். உங்களிலும் பலருடைய வீட்டில் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. அவர்கள் பார்க்கும் அதே ஜன்னலை நீங்களும் பார்க்க வேண்டும். விடுதியில் இடம் போதவில்லை, உதவித்தொகை தாமதமாகிறது என்று அங்கே படிக்கும் மாணவர்கள் சொல்கிறார்கள். அது ஆதிவாசிப் பிள்ளைக்கு மட்டும் உள்ள குறையல்ல. அரசுக் கல்வி மெலிந்தால் கூலிக்காரன் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்ந்துதான் அடி விழும். அடுத்த முறை அந்தக் கோரிக்கையை எழுதும்போது இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

இப்போது செயலாளர் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விடுவார். ரயிலடி, பஸ் நிலையம், சமையல், பந்தி, மேசை என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒன்றில் பெயர் எழுத வேண்டும். பணம் கொடுக்க முடியாதவர்கள் அரிசி கொடுங்கள். அரிசி கொடுக்க முடியாதவர்கள் அரை நாள் கொடுங்கள். சந்தேகம் உள்ளவர்களும் பெயர் எழுதுங்கள். வந்து பாருங்கள். அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் என்னை நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

இதுவரை இந்த ஊரில் நம் சங்கம் 'நாங்கள்' என்று சொல்லியே வளர்ந்தது. தவறில்லை, ஊர் விட்டு வந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. இனி 'நாம்' என்று சொல்லிப் பழகுவோம். உச்சரிப்புக்கூடக் கஷ்டமில்லை, குடுக் மொழியிலும் அதே சொல்தான்.

ஜோஹார்!